பள்ளிக்கூடத்தில் கண்கட்டு வித்தை

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலையில் நடக்கும் முறையைக் கற்பிப்பதற்காகச் செப்பிடு வித்தைக்காரர்களை அழைத்துச் சிரிப்பும் வேடிக்கையுமாய்க் காட்சி நடத்தும் வழக்கம் இப்போது பல இடங்களில் இருந்து வருகின்றது. இதைக் கேட்டதும் நம் தோழர்களில் சிலர், "மந்திரமென்னும் புரட்டை ஒழிக்கப் பாடுபடும் நாமே அதைப் பள்ளிக்கூடத்திற்குள் விடுவதா?" என்கிறார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் வித்தை வேறு, வித்தையை மகிமையென்று சொல்லி வயிறு வளர்ப்பது வேறு. சூனியக்காரிகளென்று ஏழைக் கிழவிகளை வதைத்த காலத்தில், 1584ல், இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் அந்தக் கொடுமையைக் கண்டித்து எழுதிய புத்தகத்திலேயே செப்பிடு வித்தைகளின் இரகசியங்களையும் வெளியிட்டார். நம் நாட்டில் பி. பிரேமானந்த் (1930–2009) சாமியார்கள் செய்யும் அற்புதங்களை மேடையில் தாமே செய்துகாட்டி, அவற்றின் தந்திரத்தையும் விளக்கி வந்தார். ஆகவே வித்தை நமக்கு விரோதியல்ல.

சரி, சாலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகள் மிகவும் சிரிக்கும் ஒரு கோமாளி வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தைக்காரர் கையிலிருந்த கைக்குட்டை காணாமற்போகிறது. அவர் சட்டைப்பையைத் தேடுகிறார், மேஜைக்கடியில் தேடுகிறார். அதுவோ அவர் முதுகில் தொங்குகிறது. "பின்னால! பின்னால!" என்று பிள்ளைகள் கத்துகின்றன. அவர் திரும்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. அந்த நேரத்தில் அவர் நின்று, "உங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகிறது, என் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று ஒரு கேள்வி கேட்டாரேயானால், அதற்கு மேற்பட்ட சாலைப் பாடம் வேறு எதுவுமில்லை என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், தான் லாரியைப் பார்த்துவிட்டால் லாரிக்காரனும் தன்னைப் பார்த்துவிட்டான் என்றே சிறு பிள்ளை நினைக்கிறது. பஸ்ஸை விட்டிறங்கி அதன் முன்புறமாகவே குறுக்கே ஓடுகிறது. பஸ்ஸை ஒட்டி முந்திக்கொண்டு வருகிறவனுக்கு அந்தப் பிள்ளை, வித்தைக்காரரின் பெட்டிக்குப் பின்னால் போன பொம்மை மாதிரிதான். "இடது பார், வலது பார்" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் நூறு தடவை சொல்லுவதில் இது விளங்காது.

ஆனால் ஒரு நிபந்தனை. அறுத்த கயிறு ஒட்டிக்கொள்ளுவதும், உடைத்த முட்டை முழுதாய் வருவதும் வித்தையில் சகஜம். சாலையில் உடைந்தது ஒட்டுவதில்லை. ஆதலால் தந்திரம் இன்னதென்று சொல்லாமல் கைதட்டலோடு முடித்துவிடுகிற காட்சி தீமையே செய்யும். ஒரு வித்தையையாவது பிரித்துக் காட்டவேண்டும். இரகசியம் போனால் பிழைப்புப் போய்விடுமே என்று வித்தைக்காரர் அஞ்சவேண்டியதில்லை. இரகசியம் வெளிப்பட்டால் பிழைப்பு போகக்கூடிய ஆசாமிகள் வேறே இருக்கிறார்கள்!

பள்ளியில் இவ்வளவும் கற்ற பிள்ளை வீட்டிற்கு வந்து என்ன பார்க்கிறது? புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜையன்று நடுத்தெருவில் உடைத்த பூசணிக்காய், அந்தச் சதையில் வழுக்கி விழும் மோட்டார் சைக்கிள்காரர். விழுந்தவரைக் கேட்டால் "தலைவிதி" என்கிறார்! 2022ம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரே கணக்குக் கொடுத்திருக்கிறது. இத்தனை பேர் தலையிலும் ஒரே மாதிரி எழுதியவன் எவன்? வேகமும், குடியும், வெளிச்சமில்லாத சாலையும், கவசமில்லாத தலையும் எழுதிய எழுத்தல்லவா அது?

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும். நம் கனவான்களோ பிள்ளையைப் பெட்ரோல் டாங்கியின் மேல் வெறுந்தலையோடு உட்காரவைத்து அதே பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஸ்வீடன் தேசத்து ஸ்டினா சாண்டெல்ஸ் அம்மையார், சிறு பிள்ளைகளை ஆராய்ந்து 1968ல் வெளியிட்ட புத்தகத்தில், போக்குவரத்துக்கேற்றபடி குழந்தையைத் திருத்திவிட முடியாது, குழந்தைக்கேற்றபடி போக்குவரத்தைத்தான் திருத்தவேண்டுமென்று காட்டினார். வித்தை காட்டிவிட்டோம், இனி அடிபட்டால் பிள்ளையின் குற்றமென்று கைகழுவ நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆகையால் அடுத்த காட்சிக்குப் பெற்றோர்களையும், பள்ளி வேன் ஓட்டுகிறவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கட்டும். வித்தைக்காரர் தொப்பிக்குள்ளிருந்து ரிப்பனை இழுக்கட்டும். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க 17 மீட்டர் இழுத்து மைதானத்தில் நீட்டட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் குறுக்கே ஒரு பிள்ளையைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகுமானால், அந்த ஒரு நொடியில் வண்டி ஓடிவிடும் தூரம் அது. வண்டி நிற்கத் தொடங்குவதே அதற்கப்புறந்தான். அந்த ரிப்பனைச் சுருட்டுமுன், பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டுமென்னும் மனுவில் அந்த முன்வரிசைக்காரர்களிடமே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.