விறகு பிளப்பதில் படும் காயம் சிறு காயமா?

விறகு பிளப்பதைப் பற்றி வேளாண்மைப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கோடரியை ஓங்கிப் போட்டால் கட்டை பிளக்கிறது, இதற்கு ஒரு விஞ்ஞானி எதற்கு என்று என்னிடமே ஒரு விவசாயி கேட்டதுண்டு. அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல என்னால் இயலவில்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை மட்டுமா சாய்ந்தது? மா, பலா, புளி, வேம்பு எனத் தலைமுறை கண்ட மரங்களெல்லாம் வேரோடு பெயர்ந்தன. பல வாரங்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல்தான். சாய்ந்த தென்னையை அப்படியே மட்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும், மிஞ்சிய மரங்களின் குருத்தையும் குடைந்துவிடும் என்று நாங்கள் தோப்புத் தோப்பாகச் சென்று எடுத்துக் கூறினோம். கூறியது சரியே. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கூறாமல் விட்டது ஒன்று உண்டு.

அங்கே இரண்டு புளியமரங்கள் சாய்ந்திருந்தன. இயந்திரத்தால் அறுத்துப் போட்ட முண்டுகள் ஒவ்வொன்றும் மூன்றடிக் குறுக்களவு இருக்கும். நான்கு பேர் மொத்தக் கூலிக்குப் பேசி அவற்றைப் பிளந்துகொண்டிருந்தனர். நால்வரும் வெறுங்காலுடன் நின்றனர். இரும்பு ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடைபோல விரிந்திருந்தது. ஒருவர் ஆப்பைக் கையால் பிடிக்க, மற்றவர் சம்மட்டி போட்டார். நான் தோட்டக்காரரிடம் வண்டைப் பற்றியே பேசிவிட்டு, அவர் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, ஜீப் ஏறிவிட்டேன். மாதம் ஒன்று கழித்து மீண்டும் சென்றபோது அந்த நால்வரில் ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடியபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மரச் சில்லு தெறித்துக் கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டில் சேலை முனையால் ஒற்றி எடுத்து, தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போனது எட்டாம் நாள். புண் ஆறியது, ஆனால் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

“கவனமா இருந்திருக்கணும்” என்றார் தோட்டக்காரர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கண்டவரையில் விறகு பிளக்கும்போது அடிபடுகிறவர்களில் பலர் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்கு அடிபடுவது பொழுது சாயும் நேரத்தில், கடைசி முண்டில், அதிலும் எல்லாரும் பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்த கணுக்கட்டையில், இரவல் வாங்கிய கோடரியால் ஓங்கும்போதுதான். இதைக் கவனக்குறைவு என்று பெயரிட்டு முடித்துவிட்டால் அடுத்த மரத்திலும் இதுவேதான் நடக்கும். காயத்துக்கான காரணங்களில் பாதி, கோடரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன.

முதற்காரணம் அறுப்பு. இயந்திரம் வைத்திருப்பவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். ஆகவே இரண்டடி, மூன்றடி நீளத்துக்கு ஒரு துண்டு என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நீளம் கூடக் கூடக் கட்டையைப் பிளக்கும் பாடும் கூடுகிறது. ஒன்று முதல் ஒன்றேகால் அடி நீளத்தில் அறுக்கச் சொல்லுங்கள். கிளை பிரியும் கவட்டையை நல்ல துண்டோடு சேர்த்து விடாமல் தனியாக அறுத்து ஒதுக்கச் சொல்லுங்கள். கூடுதலாகச் சில அறுப்புகள் விழும், பெட்ரோலும் சற்றுக் கூடும். அதற்காக அவர் கேட்கும் காசைக் கொடுத்துவிடலாம். கோடரிக்காரரின் முதுகும் கையும் அதைவிட விலை கூடியவை.

எல்லாக் கட்டையும் பிளந்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. சவுக்கு நேர் நாருடையது, ஓரிரு அடியில் வாய் திறக்கும். புளியின் வயிரம் நார் பின்னிக்கொண்டு வளர்வது. அதனால்தான் கறிக்கடைக்காரர் கத்தி போட அந்தக் கட்டையைத் தேடி வாங்குகிறார். கத்தி எத்தனை ஆண்டு விழுந்தாலும் பிளக்காத மரத்தை நாம் ஒரே பகலில் பிளக்கச் சொல்கிறோம்! தென்னையோ விறகுபோலப் பிளக்கும் மரமே அன்று. கோடரி நாரில் சிக்கிக்கொள்ளும், பிடுங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். கவட்டை முண்டுகளைச் சூளைக்கோ கறிக்கடைக்கோ முழுதாகவே விற்றுவிடலாம். வாங்க ஆளில்லாவிட்டால் தோட்டத்து மூலையில் கிடக்கட்டும், உட்கார உதவும்.

பிளக்க வேண்டிய பெரிய முண்டை நடுவில் அடிப்பது நம்மவர் பழக்கம். ஆத்திரம் தீரும், கட்டை பிளக்காது. பெரிய முண்டை ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகச் சீவி எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். முகப்பில் இயற்கையாக விட்டிருக்கும் வெடிப்பைப் பார்த்து, அதன் போக்கிலேயே அடிக்க வேண்டும். அடிக்கும் வலிமையைக் காட்டிலும் வெடிப்பைப் படிக்கும் கண் இங்கே பெரிதும் உதவும்.

கட்டையை வெறுந்தரையில் வைத்துப் பிளப்பது கூடாது. தவறிய கோடரி தரையில் பட்டு வழுக்கிக் காலுக்கு வரும், அல்லது கல்லில் பட்டுத் தெறிக்கும். அகலமான அடிக்கட்டை ஒன்றைப் போட்டு, பிளக்கும் துண்டை அதன் நடுவில் வைக்காமல், நமக்கு எதிர்ப்புற ஓரமாக நிறுத்த வேண்டும். அப்போது அடி குறைந்து விழுந்தாலும் கோடரி நம் காலுக்கு வராமல் அடிக்கட்டையில் பதியும். கால்களை முன்பின்னாக வைக்காமல் தோளகலத்துக்கு விரித்து நிற்க வேண்டும். கோடரி இறங்கும்போது முழங்காலையும் சற்று மடக்கி இறங்கினால் அலகு நேராகக் கீழே போகும். விறைத்து நின்றால் அது வளைந்து முன்கால் எலும்பை நோக்கி வரும்.

இங்கே ஒரு மலிவான உபாயம் சொல்கிறேன். பஞ்சர் கடையில் கிடக்கும் பழைய லாரி டயர் ஒன்றை வாங்கி வந்து அடிக்கட்டையின் மேல் வைத்து ஆணியால் அறைந்துவிடுங்கள். அதன் உள்ளே அடங்கும் துண்டை நிறுத்திப் பிளந்தால் பிளந்த பாதிகள் பக்கவாட்டில் பறக்காமல் டயருக்குள்ளேயே சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்து துண்டைத் தூக்கி வைக்கும் வேலையும் மிச்சம். துண்டு பறப்பதில் அடிபடுபவர் பெரும்பாலும் பிளப்பவர் அல்லர். பக்கத்தில் விறகு அடுக்கும் பெண்களும், சிராய் பொறுக்க வரும் பிள்ளைகளும்தான். டயர் இருந்தாலும் பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது.

இனி ஆப்பு. விரிந்த தலையுடைய ஆப்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது அந்த விளிம்பு உடைந்து இரும்புச் சில்லு துப்பாக்கி ரவைபோலப் பறக்கும். விளிம்பு மடியத் தொடங்கியதுமே கொல்லுப்பட்டறையில் கொடுத்துத் தேய்த்து ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். கோடரியையே ஆப்பாக இறக்கி அதன் முதுகில் சம்மட்டி போடுவதும் இதே ஆபத்தைத் தருவதுதான், கோடரிக் கண்ணும் விரிந்துவிடும். வாய் திறந்த கட்டையை மேலும் விரிக்கக் கருவேல மரத்தில் செதுக்கிய ஆப்பும் கொட்டாப்புளியும் போதுமானவை. நம் முன்னோர் கையாண்டவைதாம். ஆப்பைக் கையால் பிடித்துக்கொள்ளும் ஆளுக்கு விரல் நசுங்குவது சகஜமாக இருக்கிறது. கோடரியால் முதலில் ஒரு வாய் போட்டு, ஆப்பை அதில் சொருகி, மெல்லத் தட்டித் தானே நிற்கும்படி செய்த பிறகு ஓங்கி அடித்தால் பிடிக்க ஆளே வேண்டாம்.

கோடரிக் காம்பு குலத்துக்குக் கேடு என்பார்கள். கழன்ற காம்பு பிடித்தவனுக்கும் எதிரே நிற்பவனுக்கும் கேடு. வெயில் காலத்தில் காம்பு வற்றித் தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். அது அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். புதிதாகச் சக்கை வைத்து இறுக்குவதே முறை.

கண்ணைப் பற்றி மீண்டும் சொல்லியாக வேண்டும். மதுரை மாவட்டத்தில் 1993 ஆம் ஆண்டை வைத்துக் கணக்கெடுத்த கண் மருத்துவர்கள், ஓராண்டில் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டனர். இப்புண்களுக்கு நம் கிராமங்களில் பெரும்பாலும் தொடக்கம் ஒரு சிறு கீறலே. நெல் சுணை, சோளத் தாள், மரச் சில்லு போன்ற தாவரப் பொருள் கீறினால் அதோடு பூஞ்சணமும் உள்ளே போய்விடுகிறது. பயிரில் பூஞ்சண நோய்க்கு எது மருந்து, எது மருந்தன்று என்று நம் விவசாயிகள் நன்கு அறிவர். கண்ணிலும் அப்படியே. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு சேர்ந்தவை உண்டு. அவை சிவப்பையும் வலியையும் தணிக்கும். நோயாளி குணமாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பூஞ்சணம் வேகமாகப் பரவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். கண்ணைத் தேய்க்காமல், தைத்திருப்பதைப் பிடுங்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். இரும்பின் மேல் இரும்பு அடிக்கும்போது சுருக்கென்று ஏதோ பட்டு, பிறகு வலியே இல்லாமற் போனாலும் போக வேண்டும். சிறு இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் புகுந்து தங்கிவிடுவது உண்டு. அது துருப்பிடித்துப் பார்வையைக் கெடுக்கும். வெல்டிங் பட்டறையில் இரும்பு தேய்க்கும்போது அணியும் வெள்ளைக் கண்ணாடி எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிறது. அதன் விலை ஒரு நாள் கூலியில் சிறு பங்குதான்.

கை கால் காயங்களுக்குக் காப்பித் தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் என்று கைக்கு எட்டியதை வைக்கிறோம். வெட்டுக்காயப் பூண்டை நான் இகழவில்லை; அதைப் பறித்த இடத்து மண்ணும் சாணமும்தான் எனக்குக் கவலை. இரணஜன்னிக் கிருமியின் இருப்பிடமே அது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் சிறு வெட்டுக்கு முதலுதவி அவ்வளவே. தடுப்பூசி முறையாகப் போட்டவருக்கு மண் படிந்த காயமானால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் ஒன்று தேவை. சிறுவயதில் போட்டதே இல்லை என்பவர் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் டாக்டரிடம் அதைச் சொல்லித் தொடர் ஊசியை முடித்துக்கொள்ள வேண்டும். சீமைக்கருவேல் முள் ஒடிந்து உள்ளே தங்கினால், குறிப்பாக மூட்டருகே என்றால், ஊசியால் நோண்டிக்கொண்டே நாள் கடத்த வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு விறகுக் களத்தில் இறங்கவே கூடாது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சிராய் ஏறியது புண் சீழ் பிடித்த பிறகே தெரியவரும்.

கடைசியாகக் கூலி. முண்டுக் கணக்கிலோ மொத்தமாகவோ கூலி பேசும்போது, நிதானமாக வேலை செய்பவருக்கு நஷ்டம், அவசரப்படுபவருக்கு லாபம் என்றாகிவிடுகிறது. சவுக்குக்கு மொத்தக் கூலி பேசுங்கள், குற்றமில்லை. புளிக்கும் கவட்டைக்கும் நாட்கூலிதான் நியாயம் என்பது என் கருத்து. இதை விவசாயிகள் சிலர் ஒப்பமாட்டார்கள் என்பதும் தெரியும். “நாட்கூலி என்றால் நாலு நாள் வேலையை எட்டு நாள் இழுப்பார்கள்” என்பது அவர்கள் வாதம். இழுக்கட்டுமே, அது புளி!

கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தவர்கள் பெருகியபோது, 1983 ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்களை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. கோடரிக்குச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பூச்சிமருந்து தெளிக்கும்போது முகமூடி அணியச் சொல்லும் எங்கள் பயிற்சிகளில் ஆப்புத் தலையைத் தேய்க்கச் சொல்லும் ஐந்து நிமிடமும் இடம்பெறலாம். டிராக்டரையும் நாற்று நடும் இயந்திரத்தையும் வாடகைக்குக் கொடுக்கும் மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒழுங்கான தலையுள்ள இரண்டு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு டயர், நான்கு கண்ணாடி ஆகியவை வாடகைப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கட்டும். டெல்டா மாவட்டங்களில் அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள் அவற்றை வாங்கி வைத்துவிட வேண்டும்.