சுவருக்கு எந்தப் பக்கம்?

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, அதையே வீடெங்கும் தேடும் பாட்டனார் இல்லாத குடும்பம் நம்மவரிடையே அரிது. வீட்டிலே இது நகைப்புக்குரிய செய்தி. ஆஸ்பத்திரியிலோ அவ்வாறன்று. அவசரத்துக்கு வேண்டிய ஒரு கருவி எந்த அறையில் நிற்கிறதென்று தாதியர் ஓடித் தேடும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆகையால் உலகின் பல ஆஸ்பத்திரிகளிலே கருவிகளிலும், நினைவு தடுமாறிய முதியோரின் மணிக்கட்டிலும் சிறு வில்லைகளை இணைத்துவிடுகின்றனர். வில்லை விட்டுவிட்டுக் கம்பியில்லா அலைகளை அனுப்பும். சுவரிற் பொருத்திய நிலையங்கள் அவற்றை ஏற்கும். வில்லை இருக்குமிடம் கணினித் திரையிலே தோன்றும்.

செய்மதி வழிகாட்டி இருக்க இஃது எதற்கு என மாணவ நேயர்கள் வினவலாம். செய்மதியின் அலைகள் பூமியை வந்தடையும்போதே மிகவும் நலிந்துவிடுகின்றன. கொங்கிரீட் தட்டுகளுக்குக் கீழே அவற்றை நம்புவதற்கில்லை.

கருவிகளை வாங்கிச் சுவரில் அறைந்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணுவோர் பலர். குறியிடப்படாத வெப்பமானியைக் கடையில் வாங்கிவந்து காய்ச்சல் பார்க்க முற்படுவது போன்றது அது. உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீராவியிலும் வைத்து இரண்டு குறிகள் இட்டபின்னரே வெப்பமானி பேசத் தொடங்குகிறது. இதனையே அளவுகோடிடல் என்று பாடநூல்கள் கூறும். வெப்பமானிக்கு இரண்டு குறிகள் போதும். இடையில் இரசம் ஒழுங்காக விரியுமென்று நம்பலாம். ஒரு கட்டடத்துக்கு எத்தனை குறிகள் வேண்டும்?

திறந்த வெளியிலே தூரம் இரு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒரு பங்காகும். இந்த விதி வீட்டுக்குள் நுழைந்ததும் தன் ஒழுங்கை இழந்துவிடுகிறது. இரும்பு அலுமாரி அலையைத் திருப்பி எறிகிறது. சுவர் ஒரு பகுதியை விழுங்குகிறது. திரும்பிவந்த அலையும் நேரே வந்த அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழிக்கின்றன. இக்கருவிகள் பலவும் செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகளில் இயங்குபவை. நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில்தான் வேலை செய்கிறது. நீரை மிகுதியாகக் கொண்ட மனித உடல், அந்த அலைக்கு ஒரு நடமாடும் சுவராகிவிடுகிறது.

இதை முறையாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் றெட்மண்ட் நகரிலுள்ள மைக்ரோசொஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த பரம்வீர் பாஹ்ல், வெங்கட பத்மநாபன் என்னும் இருவர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வுக்கு ‘றேடார்’ என்று பெயர். விமானங்களைக் காட்டும் றேடார் வேறு, இது வேறு. 43.5 மீற்றர் நீளமும் 22.5 மீற்றர் அகலமும் உள்ள ஒரு மாடியில் மூன்றே நிலையங்களை வைத்தனர். பின்னர் மடிக்கணினியோடு நடந்து, 70 இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைகளை நோக்கித் திரும்பி அலைவலுவைப் பதிந்தனர். ஏன் நான்கு திசை? ஒருவர் நிலையத்துக்கு முதுகு காட்டி நின்றபோது வலு 5 டெசிபெல் வரையில், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையக் கண்டனர்.

இவ்வாறு நடந்து சேர்த்த பட்டியலே அவர்களது அளவுகோல். வலு மிகுந்த நிலையத்தின் அருகில் ஆள் இருப்பதாகக் கொண்டால், பாதித் தடவைகளில் பிழை 8.16 மீற்றரைத் தாண்டியது. பட்டியலோடு ஒப்பிட்டபோது அது 2.94 மீற்றராகச் சுருங்கிற்று. சோதனைக்கு எடுத்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, மீதி 69 இடங்களைக்கொண்டே அவர்கள் கணித்தனர் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. தானே வினாத்தாள் எழுதித் தானே விடையளிக்கும் மாணவனைப் போல, குறியிட்ட இடத்திலேயே கருவியைச் சோதித்துப் பெருமைப்படுவது எளிதன்றோ!

ஆயினும் 3 மீற்றர் என்பது ஓர் அறையின் அகலம். சுவரோ ஒரு சாண் கனம். நினைவிழந்த முதியவர் படிக்கட்டுக் கதவுக்கு உட்புறம் நிற்கிறாரா, வெளிப்புறமா என்பதைக் கூறவேண்டிய இடத்தில் இப்பிழையைப் பொறுக்க முடியாது. ஆகவே வலுவை விட்டு, அலை பயணம் செய்யும் நேரத்தை அளக்கும் முறையைக் கையாள்கின்றனர். செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கில் அலை 30 சென்ரிமீற்றர் செல்லும். கருவியின் வயிற்றுக்குள்ளும் அன்ரெனாவிலும் அலை சற்றுத் தாமதிப்பதால், அத்தாமதத்தையும் கழித்தாக வேண்டும். இரண்டு கருவிகளை அளந்த தூரத்தில் வைத்து, அவை சொல்லும் தூரத்தை நாடாவின் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துவர். நிலையத்தின் இருப்பிடத்தை ஒரு முழம் பிழையாகக் குறித்துவிட்டாலோ, எத்துணை நுட்பமான கடிகாரமும் அதனைச் சீர்செய்யாது.

நடுப்பகலில் வெறுமையான விறாந்தையிலே அளந்துவிட்டுப் போவதை நாம் ஒப்பமாட்டோம். நோயாளரைப் பார்க்க உறவினர் நிறைந்திருக்கும் வேளையிலும் அளக்கவேண்டும். அளப்பவர் கதவுகளின் இரு பக்கத்திலும் நின்று பார்த்தல் வேண்டும்.

மாணவர் இதன் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வைபை வலுவை டெசிபெல் கணக்கிற் காட்டும் செயலியைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, கட்டமிட்ட தாளில் வீட்டின் படத்தை வரைந்துகொள்க. பெட்டிக்கு அருகில் −40 என்றும், தொலைவில் −70 என்றும் எண்கள் வரக்கூடும். ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசை நோக்கி நின்று, நான்கு எண்களையும் எழுதுக. தாளைக் கசக்கி எறிந்துவிட வேண்டாம்; அம்மா அலுமாரியை இடம் மாற்றும் நாளில் அது மீண்டும் உதவும்.