உக்கிய கலமும் உரிமைச் சான்றும்

ஓடி முடிந்த கப்பலொன்று கரையோரத்தில் கிடந்து உக்குகிறது. அதனைச் செப்பனிட்டுக் காப்பதா, உடைத்து இரும்பு விலைக்கு விற்பதா? இவ்வினாவினால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் முதலில் இரு கப்பல்களின் வரலாற்றை அறிந்துகொள்ளட்டும்.

'சிற்றி ஒஃப் அடிலெயிட்' என்ற பாய்க்கப்பல் 1864 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்டது. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட பிரித்தானியக் குடும்பங்களைத் தென் அவுஸ்திரேலியாவில் இறக்கியது. பின்னர் மருத்துவமனையாயிற்று, கடற்படைப் பயிற்சிக் கலமாயிற்று, 1991 இல் கிளாஸ்கோ துறையில் மூழ்கியும் போயிற்று. தூக்கியெடுத்தவர்களிடம் காப்பதற்குப் பணமில்லை. உடைத்துவிட அனுமதி கேட்டார்கள். ஆனால் அக்கப்பல் சட்டப்படி காக்கப்படும் சின்னங்களின் பட்டியலில் இருந்தது. கேட்டவுடன் அனுமதி கிட்டவில்லை. அந்தச் சட்டத் தடை தந்த அவகாசத்தில், அதிலே வந்திறங்கியோரின் வழித்தோன்றல்கள் திரண்டார்கள். 2010 இல் கப்பல் அவர்களுக்கென முடிவாயிற்று. 2014 பெப்ரவரியில் அடிலெயிட் துறையை அடைந்தது. பாய்மரம் நாட்டி மீண்டும் ஓட்டவேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. எஞ்சிய மேலோடு எஞ்சியபடியே நின்றாலும் போதும் என்றார்கள்.

மற்றொன்று இந்தியக் கடற்படையின் 'விக்ராந்த்'. 1961 இல் பணியேற்று, 1971 ஆம் ஆண்டுப் போரில் புகழ் பெற்று, 1997 இல் ஓய்வு பெற்ற விமானந்தாங்கி அது. பம்பாய்த் துறையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கப் பணமில்லை, மேலோடும் நம்பத்தக்கதன்று என்றார்கள். 2014 இல் 60 கோடி ரூபாவுக்கு ஏலம் போயிற்று. பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் விதித்த இடைக்காலத் தடை ஓகஸ்டிலே நீங்கியது, உடைப்பும் தொடங்கியது. அதன் எஃகில் ஒரு பகுதி 2016 இல் பஜாஜ் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியில் வந்து சேர்ந்தது!

இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், பழங்கலத்தைக் காப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. அது எவருடைய வரலாற்றைச் சுமக்கிறது? அதன் மூல உறுப்புகளில் எவ்வளவு எஞ்சியுள்ளது? இன்று செப்பனிட்டால் நாளை அதனைப் பேணுவோர் யார்? முதற் கேள்விக்கு விடையில்லையெனில் மற்றவை வீண். மூன்றாவதற்கு விடையில்லையெனில் செலவழித்த பணம் கடலிலே கொட்டிய பணம்.

இனி நம் கப்பலுக்கு வருவோம். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 'இர்வின்', 'கோஷன்' என்ற கலங்கள் அவ்வழியில் ஓடின. மண்டபம் முகாமிலே அடைக்கப்பட்டு, மருந்தடிக்கப்பட்டு, கங்காணியின் பின்னே கப்பலேறியவர்கள் தலைமன்னாரில் இறங்கிப் புகையிரதம் ஏறினார்கள். எட்டியாந்தோட்டை, எகலியகொடை, பலாங்கொடை, இறக்குவானை எனச் சிதறி, இறப்பருக்கும் தேயிலைக்கும் உழைத்து உரமானார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பிறந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசுகள் நம்மைக் கேளாமலே பங்கிட்டன. வந்த துறை வழியாகவே திரும்பவேண்டியதாயிற்று. தலைமன்னாருக்குச் சென்ற வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள் நம் மக்கள். துறையில் காத்திருந்த கப்பல் 'இராமானுஜம்'. 1984 இல் போரினால் சேவை நின்றது.

இர்வினும் இல்லை, கோஷனும் இல்லை, இராமானுஜமும் இல்லை. அவற்றுள் ஒன்றையாவது காப்போம் என்று கேட்பதற்கு அன்று நமக்கு வாக்கும் இல்லை, வாயும் இல்லை. எஞ்சியிருப்பது தலைமன்னாரின் பழைய இறங்குதுறை ஒன்றே. இரும்பு துருவேறி, கடற்காற்றில் அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது. புகையிரதம் 2015 இல் மீண்டும் தலைமன்னாரை எட்டிவிட்டது. இராமேசுவரத்துக்கு மறுபடியும் கப்பல் விடவேண்டும் என்ற பேச்சும் அண்மைக் காலத்தில் அரசுகளிடையே எழுந்திருக்கிறது. புதுத்துறை எழும் நாளில் பழையதைப் பெயர்த்தெறிந்தால் தடுக்கச் சட்டம் துணை நிற்குமா?

இங்கேதான் கவனம் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பழம்பொருளுக்கு எல்லைக்கோடாக 1815 மார்ச் 2 ஆம் திகதியை வைத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. நம் மக்களின் வருகையோ 1823 இலிருந்து கணக்கிடப்படுகிறது. எட்டே ஆண்டு பிந்தி வந்தமையால், நம்முடைய லயமும் துறையும் அந்தக் கோட்டுக்கு அப்பாலேயே நிற்கின்றன! பிந்திய கட்டடத்தைக் காக்க அரசு தனியே பிரகடனம் செய்யவேண்டும். கேட்பவர் இல்லாத இடத்தில் பிரகடனம் எப்படிப் பிறக்கும்?

"லயத்துக் கூரை ஒழுகுகிறது, ஏழு பேர்ச்சுக் காணிக்கு இன்னும் மன்றாடுகிறோம், இந்த நேரத்தில் கடற்கரை இரும்புக்குப் பணமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்கும் காணிக்கும் உரிய பணத்தில் ஒரு சதத்தையும் இதற்குத் தொடலாகாது என்பதே நமது உறுதியான நிலை. ஆயினும் வேறொன்றையும் நினைவூட்டுவோம். 1948 இல் நம் குடியுரிமை பறிபோயிற்று. 1949 ஆம் ஆண்டுச் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டிலே இடைவிடாது வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு விண்ணப்பம் போயிற்று. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. பிறப்புப் பதிவு எங்கே, துண்டு எங்கே, சான்று எங்கே என்று கேட்டுக் கேட்டே ஏனையோரைத் தள்ளினார்கள். சான்றில்லாமையால் நாடிழந்த சமூகம், எஞ்சிய சான்றையும் துருவுக்குத் தின்னக் கொடுக்கலாமா?

ஆதலின் நாம் கோருவது மாளிகையன்று. பழந்துறைக்குப் புதுமெருகும் அன்று. முதலாவதாக, ஒரு தூணையும் அசைக்குமுன் துறை முழுவதையும் அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதியவேண்டும். இரண்டாவதாக, உறுதி குன்றாத ஒரு பகுதியைத் தெரிந்து காக்கப்படும் சின்னமாகப் பிரகடனம் செய்யவேண்டும். தேறாத பகுதி பதிவின் பின் போகட்டும், அதற்காக அழமாட்டோம். மூன்றாவதாக, காக்கும் செலவைப் புதுத்துறைத் திட்டத்தின் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். ஆண்டுதோறும் பேணும் பொறுப்பு எவருடையது என்பதை எழுத்திலே வைக்கவேண்டும். விக்ராந்தை அழித்தது அந்தப் பொறுப்பில்லாமையே.

நான்காவது நமது கடமை. இராமானுஜத்தில் ஏற்றப்பட்டவர்களும், அவர்களை வழியனுப்பித் தனியே திரும்பியவர்களும் நீலகிரியிலும் நம் லயங்களிலும் இன்றும் முதியோராக வாழ்கிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிவதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் வேண்டியதில்லை. சங்கக் கிளைகளும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் இம்மாதமே தொடங்கலாம். இரும்பு இன்னும் சில காலம் பொறுக்கும். முதியோரின் மூச்சு பொறுக்காது.