அரிஷ்டமும் ஆறு மணியும்

ஆபீஸ் போகிற ஆம்பிளைக்கு சாயங்காலம் ஆறு மணி என்பது ராகு காலத்தைவிட மோசமான நேரம். ராகு காலமாவது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து தொலையும். ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற நாக்கு அரிப்பு, கடையைச் சாத்துகிற வரை ஓயாது.

எனக்கு வேலை திருநெல்வேலியில், வீடு ஸ்ரீவைகுண்டத்தில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுமார் எண்ணூறு பேரோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி நின்றதே, அந்த ஸ்டேஷன்தான் நம்ம ஸ்டேஷன். இறங்கி, தாமிரபரணியைத் தாண்டினால் ஊர். அந்தக் கொஞ்ச தூரத்தை ஒன்றரை மணி நேரமாக இழுக்கும் வித்தையை மூன்று வருஷமாகக் கற்றுத் தேர்ந்திருந்தேன். வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற மகள் மட்டும், வீட்டுப்பாட நோட்டை என்னிடம் எடுத்துக்கொண்டு வருவதை நிறுத்தியிருந்தாள். "அப்பாகிட்ட மருந்து வாடை அடிக்குது"ன்னு அம்மாவிடம் சொன்னாளாம்.

ரயிலில் தினமும் கூட வருகிற அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என்னைவிட சீனியர். எல்லாவற்றிலும்.

"வே, நாட்டு மருந்துக் கடையில அசுவகந்தாரிஷ்டம்னு கேளும். அத்தனையும் மூலிகை. மனசு அப்படியே லேசாயிரும். ஒரு கெடுதலும் கிடையாது, கேட்டேரா?"

வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு இருபது மில்லி. தொண்டையில் இதமாக ஒரு சூடு. மூன்றாம் நாள் மூடி போய் அவுன்ஸ் கிளாஸ் வந்தது. ஐந்தாம் நாள் டம்ளர். ஆஹா, நம்ம முன்னோர்கள் என்ன லேசுப்பட்டவர்களா என்று பெருமிதத்தோடு சாய்ந்திருந்தபோது, என் மனைவி பாட்டிலை லைட்டுக்கு நேரே பிடித்து லேபிளைப் படித்தாள்.

"ஏங்க, இதுல ஆல்கஹால்னு போட்டிருக்கே?"

போட்டுத்தான் இருந்தது. மூலிகைக் கஷாயத்தில் வெல்லத்தையும் தாதகிப் பூவையும் போட்டு, வாயை மூடிப் புளிக்க வைப்பதுதான் அரிஷ்டம். புளிக்கும்போது தானாகவே சாராயச் சத்து உண்டாகும். ஐந்திலிருந்து பத்து சதவிகிதம் வரை. அதாவது பீருக்கு அண்ணன் தம்பி! தப்பு மருந்தின் மேலே இல்லை. வைத்தியர் சொன்ன அளவில் சாப்பிட்டால் அது மருந்து. டம்ளரில் ஊற்றியது நான். 1948லிருந்து 1971 வரை நம் மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தபோதே மருந்து பாட்டிலுக்குள் போதையைத் தேடிய மகான்கள் உண்டு. அந்தப் பரம்பரையில் நானும் ஒருத்தன், அவ்வளவுதான்.

அடுத்தது, அதே செடியின் கிழங்கைப் பொடி செய்த அமுக்கராச் சூரணம். ராத்திரி பாலில். அதன் தாவரவியல் பெயரிலேயே 'சோம்னிஃபெரா', தூக்கம் தருவது என்று இருக்கிறது. தூக்கம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2023ல் டென்மார்க்கில் அதற்குத் தடையே போட்டார்கள். தைராய்டுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அது கிடக்கட்டும், அது பத்து மணிச் சமாசாரம். என்னுடைய பிரச்னை ஆறு மணி.

இந்த விஷயத்தில் ஃபிஜித் தீவுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். காவா என்று ஒரு வேர். மிளகுக் கொடிக்குச் சொந்தம். பொடி பண்ணித் தண்ணீரில் கரைத்து, பெரிய மரச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கை தட்டிக் குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும். 1903லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம்ம சென்னை ராஜதானிக்காரர்களின் வாரிசுகளும் அதே மாதிரி உட்கார்ந்து அதே சட்டியைக் காலி பண்ணுகிறார்கள். அதுவும் ஈரலுக்கு ஆகாது என்று 2002ல் ஜெர்மனியில் தடுத்தார்கள். எனக்கு அந்த வேரைவிட, அந்தச் சுற்றி உட்காருகிற சங்கதி மனசில் நின்றது.

இதற்கிடையில் அண்ணாச்சி, தம்பியே நிறுத்தும்போது நான் நிறுத்தமாட்டேனா என்ற ரோஷத்தில், இருபது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டார். வெறும் துளசிக் கஷாயம். இரண்டாம் நாள் கை தந்தி அடித்தது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று கத்தி, வலிப்பு வந்து, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "தினமும் நிறையக் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. முதல்ல இங்க வந்திருக்கணும். மருந்து கொடுத்துப் படிப்படியா இறக்குவோம்" என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அண்ணியின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அண்ணாச்சி பிழைத்து, பத்து கிலோ இளைத்துத் திரும்பி வந்தார்.

இப்போது ரயிலை விட்டு இறங்கியதும் இரண்டு பேரும் நேரே சுக்குக் காபிக் கடை. பேர்தான் காபி, அதில் காபிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது. சுக்கைத் தட்டி, மல்லியை வறுத்து, ரெண்டு திப்பிலி, கொஞ்சம் சீரகம், மேலே உடன்குடிக் கருப்பட்டி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. அந்தச் சுண்ணாம்பை மறந்தால் அதே பாளையில் கள்! (1987லிருந்து அதற்குத் தடை.) முதல் வாய் காரம் காதைப் பிடித்து இழுக்கும். போதை? ஒரு மண்ணும் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் மாசம் பூரா எரிச்சலாக இருந்தது. ஆனால் கையில் சூடாக ஒரு கிளாஸ் இருந்தது, மேனேஜரைத் திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் இருந்தார். ஏழு மணிக்குள் வீடு.

நேற்று மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரெண்டாம் வாய்ப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, சளியா?" என்றாள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஆமான்னு சொல்லும் வே" என்றார்.