கீசர் பழுதும் பத்து மாத அட்வான்ஸும்

பெங்களூர் பொம்மசந்திராவில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் தரப்பில் ஒரு வாதம்: வெந்நீரில் குளிப்பவர் குடித்தனக்காரர், ஆகவே கீசர் பழுது அவர் செலவு. 2021 மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே அப்படிச் சொல்கிறதாம்.

சொல்கிறது, உண்மைதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. மின்கம்பிப் பராமரிப்பை உரிமையாளர் தலையில் வைக்கிறது. கீசர் ஷாக் உயிரை வாங்குவது பெரும்பாலும் எர்த் கம்பி சரியில்லாத வீட்டில்தான். குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்பதும் அதே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய பெங்களூரில் அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை!

சரி, பழுது எங்கிருந்து வருகிறது? போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூடேறும்போது காயில் மேல் உப்பாகப் படிகின்றன. டேங்குக்குள் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பி மெல்லக் கரைகிறது. அதை மாற்றாவிட்டால் டேங்கே ஓட்டையாகும். எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்தவர், தனக்கு முன்பு இருந்த குடும்பங்களின் உப்புக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும்? போர்வெல் போட்டதும் கீசரை வாங்கி மாட்டியதும் அவரல்லவே. சுவிட்சை உடைத்தால் கட்டட்டும். காயிலும் கம்பியும் வீட்டுக்காரர் கணக்கு. ஒப்பந்தத்தில் அதை எழுதிவிட்டு முன்பணம் கேளுங்கள்.