சட்டாம்பிள்ளை சொன்ன பாடம்

நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை பாடம் சொல்ல, இளையோர் மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ எனும் பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கும் அதனால் பாடம் உறுதிப்படுகிறது. ஆசிரியரிடம் கேட்க அஞ்சும் ஐயத்தைச் சிறுவன் தோழனிடம் தயங்காது கேட்பான்.

இன்று நம் சூலூரிலும் பேரப்பிள்ளைகள் பலர் தனியறையில் கைப்பேசியோடு படிக்கின்றனர். ஐயம் கேட்க அருகில் எவருமில்லை. மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து ஒன்றாக அமர்த்துவோம். பெரியவன் சிறியவளுக்கு வாய்ப்பாடு சொல்லட்டும். நாம் உடனிருந்து கேட்போம். கோயிலில் பலரோடு கூடிப் பாடியே பதிகங்களை மனனம் செய்த நமக்கு இதன் அருமை தெரியாததன்று.