சீவுளியை நிறைக்கு விற்காதீர்கள்

நாங்கள் சீவுளி என்பதைத் தமிழகத்தார் இழைப்புளி என்பார்கள். மரத்தைச் சீவி மட்டமாக்கும் கைக்கருவி. சண்டிலிப்பாய், மானிப்பாய்ப் பக்கத்தில் பாட்டனார் தச்சுவேலை செய்த வீடாயின், கொட்டிலின் மூலையில் துருவேறிய சீவுளி ஒன்றாவது கிடக்கும். இப்பொழுது அவை பழைய இரும்போடு நிறுவைக்குப் போகின்றன. விற்பவர்களுக்கு எதை விற்கிறோம் என்பது தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

மரச் சீவுளியை உள்ளூர்த் தச்சரே செய்துகொள்வார். வைரமான கட்டையில் வாய் தோண்டி, அலகை ஆப்பு வைத்து இறுக்குவார். அலகின் தலையில் தட்டினால் அது இறங்கும். கட்டையின் பின்புறத்தில் தட்டினால் ஏறும். எவ்வளவு தட்டுவது என்பது காதுக்கும் கைக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. இரும்புச் சீவுளி அந்தக் கணக்கை ஒரு சிறு சக்கரத்திடம் ஒப்படைத்தது. அமெரிக்கரான லெனாட் பெய்லியின் அமைப்பு அது. அவருடைய காப்புரிமைகளை ஸ்ரான்லி கம்பனி 1869-இல் வாங்கியது. இன்று கடையில் விற்கும் இரும்புச் சீவுளிகளிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

இவற்றில் 4-ஆம் இலக்கம் ஏறத்தாழ 9 அங்குலம். 5-ஆம் இலக்கம் 14 அங்குலம். ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்றால் 5-ஐயே வைத்திருப்பேன். குட்டைச் சீவுளி பலகையின் பள்ளங்களிலும் இறங்கி ஏறிவிடும். நீளமானது மேடுகளின் மேல் நின்று அவற்றை மட்டுமே சீவும். ஆறடிக் கதவுச் சட்டம் நேராக வருவது அதனாலேதான்.

ஆனால் எந்த இலக்கமானாலும் முதிரையிடம் அது பரீட்சை எழுதியாக வேண்டும். முதிரையின் நார் ஒரு படையில் ஒரு பக்கமும் அடுத்த படையில் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும். எந்தத் திசையிற் சீவினாலும் எங்கோ பிய்த்துக்கொண்டு வரும். அலகின் மேற் படியும் மூடுதகட்டை, விளிம்பிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக நெருக்கி வைத்தால் அந்தப் பிய்வு அடங்கும். பனை வேறு விதம்: மெதுவான சோற்றுக்குள் இரும்புபோன்ற கறுப்பு நார். மழுங்கிய அலகு அந்த நாரை வெட்டாது, இழுக்கும். ஆகவே தச்சு வேலையிற் பாதி தீட்டுக்கல்லில் நடப்பது. அதைக் கற்பிக்க ஆளில்லாமற் போவதுதான் என் கவலை.

இயந்திரச் சீவுளியோடு எனக்குப் பகையில்லை. நாளொன்றுக்கு நான்கு கதவு கேட்பவருக்குக் கையாற் சீவிக் கட்டுபடியாகாது. எனினும் 1990-இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, மின்சாரத்தை நம்பிய பட்டறைகள் ஓய்ந்தன, சீவுளி ஓயவில்லை. 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சைக்கிளிற் கட்ட முடிந்ததே சொத்து. தச்சர் தாம் செய்த முதிரைக் கட்டிலை விட்டுவிட்டுப் போகலாம். சீவுளியை விட்டால் போன இடத்தில் அடுப்பு எரியாது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களிற் பலருக்கு வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அவற்றை மறுபடி செய்து போட்டவை எந்தக் கருவிகள் என்று நினைக்கிறீர்கள்?

தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை இயந்திரத்தின் முன் நிறுத்துமுன், ஒரு மாதமாவது அலகு தீட்டவும் நார் பார்க்கவும் பழக்க வேண்டும். நார் பார்க்கத் தெரியாதவன் இயந்திரத்திலும் மரத்தைப் பிய்ப்பான்; பிறகு மக்குப் பூசி மறைப்பான்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய ஸ்ரான்லியைத் தேடி வாங்கித் துடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்கள், வீட்டைத் துப்புரவாக்கும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்து வைக்குமுன் அந்த மூலையைப் பார்க்கலாம். துருவுக்குப் பயப்பட வேண்டாம். ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். வார்ப்பிரும்பு விழுந்தால் வெடிக்கும். ஆகவே வாயோரத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். வெடிப்பில்லை, அலகிலும் தீட்ட நீளம் மிச்சமிருக்கிறது என்றால், அதை அயலில் வேலை பழகும் பையன் எவனிடமாவது கொடுங்கள். தீட்டுக்கல்லையும் சேர்த்து.